கோலார் செம்மண்: முதலில் குட்டையா, வரப்பா?

அல்சூர்வாசி, 9 மார்ச் 2025

முல்பாகல் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் மேடு. தைலமரத் தோப்பை வெட்டிய இடம், லேசான சரிவு, ஒரு ஓரத்தில் மழைநீர் அரித்த ஓடை. போர் 1,200 அடி போயும் தூசிதான். "பத்துக்குப் பத்து மீட்டர்ல ஒரு குட்டை வெட்டிப் போடுங்க சார், வருஷம் பூரா கவலையில்ல" என்கிறார் ஜேசிபிக்காரர். எனக்கும் ஏக்கருக்கு ஒரு குட்டை இருந்தால் நிலம் பாலையாவது நின்றுவிடும் என்றுதான் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

செம்மண்சால், 9 மார்ச், இரவு

குட்டை வெட்டுங்கள், ஆனால் கடைசியில். ஏன் என்பதற்குக் கணக்கு:

மேலே 10 × 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று. அடியில் 4 × 4 மீட்டர்தான் மிஞ்சும். கொள்ளளவு 156 கன மீட்டர், அதாவது 1.56 லட்சம் லிட்டர். 300 கன மீட்டர் என்று சொல்பவர் செங்குத்துச் சுவரை வைத்துச் சொல்கிறார். செம்மண்ணில் அந்தச் சுவர் முதல் மழைக்கே இடிந்து விழும்.

செப்டம்பர் கடைசியில் நிரம்பியது என்று வையுங்கள். ஜனவரி வரை நாளுக்கு நாலைந்து மி.மீ. ஆவியாகும். அதிலேயே ஏறக்குறைய 50 கன மீட்டர், மூன்றில் ஒரு பங்கு, போய்விடும். மிச்சம் ஒரு லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் பரப்பினால் 25 மி.மீ. வாடும் பயிரைக் காக்க ஒரே ஒரு உயிர்த்தண்ணீர், அவ்வளவுதான். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காத குட்டை என்றால் சரளை உறிஞ்சிக்கொள்ளும், அந்த லட்சமும் இருக்காது.

இப்போது மண்ணைப் பாருங்கள். இரண்டடி ஆழம் நல்ல செம்மண் இருந்தால் பயிர் உறிஞ்சக்கூடிய ஈரமாக சுமார் 60 மி.மீ. பிடித்து வைக்கும். ஏக்கருக்கு 2.4 லட்சம் லிட்டர். ஒவ்வொரு நல்ல மழைக்கும் அது மறுபடி நிரம்பும், மேலே மூடாக்கு (மண்ணை மூடும் தழைப் போர்வை) இருந்தால் ஆவியாவதும் குறையும். குட்டையைவிடப் பெரிய தொட்டி காலடியில் கிடக்கிறது. அதன் மூடி அடைத்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

செம்மண்சால், 10 மார்ச்

நேற்றைய 60 மி.மீ.யில் சரளையைக் கழிக்கவில்லை. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால் அதைக் கழித்து 40 என்று வையுங்கள். ஏக்கருக்கு 1.6 லட்சம் லிட்டர். அப்போதும் குட்டைக்குக் குறைவில்லை. எதையும் தொடங்கும் முன் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். மேட்டில் ஓரடிக்குள் வெள்ளைச் சரளை தட்டினால் அந்தப் பகுதியில் ராகி வேண்டாம். புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுங்கள்.

செம்மண்சால், 12 மார்ச்

"மூடி அடைப்பது" என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார் ஹெப்பால் நண்பர்.

வெறும் செம்மண்ணில் பெரிய துளிகள் விழும்போது கட்டி உடைந்து, நுண்ணிய களி மேல் துளைகளில் அப்பிக்கொள்கிறது. காய்ந்ததும் இரண்டு மூன்று மி.மீ. கனத்தில் பொருக்கு. நகத்தால் நெம்பினால் ஓடு போலப் பெயரும், அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். அடுத்த மழை அதன் மேல் ஓடிப் போகிறது. ராகி முளைக்கு அதைத் துளைக்கத் தெம்பு கிடையாது. கடலை முட்டி மேலே வந்துவிடும்.

சோதனை: ஆறு இன்ச் பிவிசி குழாயில் ஓரடித் துண்டு. ஒரு முனையை அரத்தால் கூராக்குங்கள். மேலே பலகை வைத்துச் சுத்தியலால் மூன்று இன்ச் மண்ணுக்குள் இறக்குங்கள். உள்ளே பாலிதீன் தாளை விரித்து 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். இது ஒரு இன்ச் மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க, இரண்டாவது ஊற்றுக்குத்தான் கடிகாரம். பத்து நிமிடத்துக்குள் இறங்கினால் மண் நலம். ஒரு மணி நேரம் எடுத்தால் உங்கள் நிலம் மணிக்கு 25 மி.மீ.தான் குடிக்கிறது. இங்கே மே மாத இடிமழை அதைவிட வேகமாகக் கொட்டும், மிச்சமெல்லாம் ஓட்டம்.

வெறும் நிலம், புதர் அடி, பொருக்கைச் சுரண்டி எடுத்த இடம் என மூன்றிலும் செய்யுங்கள். சுரண்டிய இடத்தில் மட்டும் வேகமாக இறங்கினால் நோய் மேலே இருக்கிறது, மூடாக்கே போதும். அங்கும் இறங்கவில்லை என்றால் உழவடிக் கெட்டி (உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிப்போன அடுக்கு) இருக்கிறது, ஆழ உழவு வேண்டும்.

குழாயின் ஓரமாகத் தண்ணீர் நழுவினால் கணக்கு பொய். வெளிப்பக்கம் மண்ணை விரலால் அழுத்திவிட மறக்காதீர்கள்.

செம்மண்சால், 15 மார்ச்

பேகூர் மாடித்தோட்டக்காரர் எழுதியது: "கரிமச்சத்தை ஒரு சதவீதம் ஏற்றினால் ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும், யூடியூபில் பார்த்தேன்."

வாட்ஸப் கணக்கு. உலகம் முழுவதும் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஆய்வில், கரிமம் ஒரு சதவீதம் கூடினால் பத்து செ.மீ. மண்ணுக்குச் சராசரியாக 1.16 மி.மீ. பயன்படு நீர்தான் கூடுகிறது. மேல் இருபது செ.மீ.க்கு 2.3 மி.மீ., ஏக்கருக்கு ஒன்பதாயிரம் லிட்டர் சொச்சம். ஒரு டேங்கர் லாரி.

அந்த ஒரு சதவீதமும் சும்மா வராது. ஒரு ஏக்கரில் இருபது செ.மீ. மண் சுமார் 1,200 டன். அதில் ஒரு சதவீதம் 12 டன் கரிமம். போட்ட எருவில் பெரும்பகுதி நம் வெயிலில் எரிந்து காற்றோடு போய்விடும் என்பதால், எத்தனை வண்டி தொழுவுரம் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதனால் எரு வீண் என்று அர்த்தமில்லை. எரு போட்டால் மண்கட்டி மழையில் கரையாமல் நிற்கும், பொருக்கு கட்டாது, தண்ணீர் உள்ளே இறங்கும். லாபம் அங்கேதான். பிடித்து வைப்பதில் அல்ல, உள்ளே விடுவதில்.

மூடாக்குக்கு ராகி வைக்கோலைச் சொல்லாதீர்கள். அது மாட்டுத் தீவனம், ஊரில் சிரிப்பார்கள். வரப்பில் கிளைரிசிடியா, புங்கன் கழித்த தழை, பூப்பதற்கு முன் வெட்டிய உண்ணிச்செடி, தென்னை மட்டை. கரையான் தின்றுவிடும் என்ற பயம் வேண்டாம், அது தோண்டும் துளையில்தான் தண்ணீர் இறங்குகிறது. கன்றுகளின் தண்டிலிருந்து மட்டும் அரையடி தள்ளிப் போடுங்கள்.

செம்மண்சால், 23 மார்ச்

இனி வரப்பு. முதலில் சரிவை அளக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும்: 15 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு கம்பு, இரண்டிலும் அளவு நாடா. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய்யாகும். ஒரு முனையை உயரத் தூக்கி முழுக்க வடித்துவிட்டு ஆரம்பியுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் குமிழி தானாகவே வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள். 30 மீட்டர் தூரத்தில் 90 செ.மீ. இறங்கினால் சரிவு மூன்று சதவீதம்.

இரண்டு வரப்புகளுக்கு இடையே எவ்வளவு இறக்கம் விடலாம் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: சரிவுச் சதவீதத்தை மூன்றால் வகுத்து, இரண்டைக் கூட்டி, 0.3-ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். மூன்று சதவீதத்துக்கு 0.9 மீட்டர், தரையில் 30 மீட்டருக்கு ஒரு வரப்பு. இரண்டு ஏக்கருக்கு மூன்று நான்கு வரப்பு வரும். சரிவு ஆறு சதவீதத்தைத் தாண்டினால் இந்த வரப்பு தாங்காது. கரிசலிலும் இது ஆகாது. வெயிலில் வெடித்து, அந்த வெடிப்பின் வழியாகவே உடைப்பெடுக்கும்.

அளவு: அடி அகலம் 1.3 மீட்டர், தலை 30 செ.மீ., உயரம் 60 செ.மீ. மண்ணை மேல்பக்கத்தில் வெட்டி எடுத்தால் அதுவே தண்ணீர் தேங்கும் குழியாகும். குழியை நீளவாக்கில் ஒரே கால்வாயாக வெட்ட விடாதீர்கள். நாலு மீட்டருக்கு ஒரு முறை ஒன்றரை அடி மண்ணை வெட்டாமல் விட வேண்டும். மட்டம் எங்காவது இரண்டு இன்ச் தவறியிருக்கும், நிச்சயம். கால்வாயாக இருந்தால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் ஒரு சந்து தெரிந்ததும் எல்லா டூவீலரும் அதற்குள் நுழைவதுபோல, நிலத்துத் தண்ணீர் முழுக்க அந்தத் தாழ்ந்த இடத்துக்கு ஓடி வரப்பை உடைக்கும். உடைந்த வரப்பு, போடாத வரப்பைவிட மோசம். புது ஓடை அங்கிருந்துதான் பிறக்கும்.

கலிங்கு (மிஞ்சிய தண்ணீர் வழியும் வாய்) இல்லாத வரப்பு போடவே போடாதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒரு மீட்டர் அகலத்தில், கல் பாவி. தண்ணீர் விழும் பக்கமும் கல். அடுத்தடுத்த வரப்புகளில் கலிங்கை இடம் வலம் மாற்றி வையுங்கள், வழிந்த தண்ணீர் நிலம் முழுக்க நடந்து இறங்கட்டும்.

செம்மண்சால், 24 மார்ச்

விட்டுப்போனவை. குழிக்கும் வரப்புக்கும் நடுவே ஓரடி மேடை விட வேண்டும், இல்லாவிட்டால் வரப்பு சரிந்து குழிக்குள் விழும். புது மண் ஒரு மழைக்காலத்தில் பத்து முதல் இருபது சதவீதம் அமரும், அதற்கேற்ப உயர்த்திக் கட்டுங்கள்.

அப்புறம், "குட்டை கடைசியில்" என்று சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வெட்டுவது கடைசியில், இடத்தைக் குறிப்பது முதலில். கடைசிக் கலிங்கு எங்கே வழிகிறதோ அங்கேதான் குட்டை. குட்டையை எங்கோ வெட்டிவிட்டு வரப்பை அதற்கு வளைப்பவர்கள் மட்டத்தைத் தொலைப்பார்கள்.

செம்மண்சால், 6 ஏப்ரல்

"கோலாரில் பாலைவனமா" என்று கிண்டல் செய்த இந்திராநகர் அன்பருக்கு. மணல் குன்று வர வேண்டியதில்லை. மழையைவிட ஆவியாதல் திறன் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் பூமியில் மேல்மண் கழுவிப் போனாலே பாலையாகும் நிலக் கணக்கில் வந்துவிடும். இஸ்ரோவின் வரைபடத் தொகுப்பின்படி 2018-19-ல் நாட்டின் நிலப்பரப்பில் 29.77 சதவீதம், 9.785 கோடி ஹெக்டேர், தரம் கெட்ட நிலம். அதில் நீர் அரிப்பின் பங்கு காற்று அரிப்பைப் போல இரண்டு மடங்கு. ராஜஸ்தான் ஒட்டகத்தை மறந்துவிட்டு, ஓடையில் செந்நிறமாக ஓடும் தண்ணீரைப் பாருங்கள்.

செம்மண்சால், 20 ஏப்ரல்

அரிப்பு ஓடைக்கு. மேலிருந்து கீழாக வாருங்கள். கீழே பெரிய தடுப்பைக் கட்டிவிட்டு மேலே விட்டால் ஒரே மழையில் தூர்ந்துவிடும்.

தடுப்பின் உயரத்தைச் சரிவால் வகுத்தால் இடைவெளி. ஓடையின் சரிவு நாலு சதவீதம், கல் தடுப்பு 60 செ.மீ. என்றால் 15 மீட்டருக்கு ஒன்று. கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் காலும் ஒரே மட்டத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

நடுப்பகுதி இரு கரையைவிட ஓரடி தாழ்ந்திருக்க வேண்டும். கல்லை இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் புதைக்க வேண்டும். உடைந்த தடுப்புகளைப் போய்ப் பாருங்கள், கல் அப்படியே நிற்கும், பக்கத்துக் கரையைத் தண்ணீர் தின்றிருக்கும். நடுவை மேடாகக் கட்டியதன் பலன். பெரிய கல் கீழ்ப்பக்கம், சிறியவை மேல்பக்கம், விழும் இடத்தில் ஒரு மீட்டர் கல் பாவல். சிமெண்ட் வேண்டாம். தண்ணீர் மெல்லக் கசிய வேண்டும், வண்டல் தங்க வேண்டும்.

வரப்பிலும் தடுப்புக்கு மேலேயும் வெட்டிவேர். நாற்றுக்கு நாற்று பத்து முதல் பதினைந்து செ.மீ., இடைவெளி விட்டால் வேலிக்கு வேலை இல்லை. இங்கே பயிராகும் வகை விதையால் பரவாது, முதிர்ந்த தாளை ஆடு சீந்தாது. குண்டலுப்பேட்டை விவசாயிகள் நில எல்லைக்கு இதை வைத்துப் பழகியதைப் பார்த்துத்தான் உலக வங்கி 1980-களில் ஊர் ஊராகப் பரப்பியது. இதற்காக யாரும் தாய்லாந்து நாற்றுக்கு ஆர்டர் போட வேண்டாம்.

செம்மண்சால், 11 மே

விதைப்பு நெருங்குகிறது.

தைலமர அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தாக வேண்டும், விட்டால் துளிர்த்துக்கொண்டே இருக்கும். கர்நாடகத்தில் புதிதாக நடுவதற்கு 2017-ல் தடை போட்டார்கள், எனவே வெட்டிய பின் மறுநடவு பற்றிய யோசனையே வேண்டாம். இலை மக்கிய மண் தண்ணீரைத் தள்ளும். காய்ந்த மண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், ஐந்து விநாடிக்கு மேல் முத்தாக நின்றால் தள்ளுகிறது. அந்த மேல் இலையை வாரி ஒதுக்கி, மண்ணைக் கிளறிவிட்டால் போதும்.

ராகியோடு துவரை, எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் துவரை. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த இரண்டு துவரைச் சாலுக்கு நடுவே ஒரு வெற்றுச் சால் ஆழமாக இழுத்துவிடுங்கள், மழை அங்கே தேங்கும். துவரை ஆழ வேர், ராகி போன பின்னும் அந்த ஈரத்தில் நிற்கும். சால்கள் சரிவுக்குக் குறுக்கே. வாடகை டிராக்டர்காரர் திரும்பச் சோம்பல்பட்டு மேலிருந்து கீழாக ஓட்டப் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு மாதம் போட்ட வரப்பை இரண்டு மணி நேரத்தில் வீணாக்கும் வேலை அது.

அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போட ஆள் கிடைத்தால் நழுவ விடாதீர்கள். புழுக்கையோடு மூத்திரமும் இறங்கும், வண்டிக் கூலி மிச்சம்.

செம்மண்சால், 15 ஜூன்

ஏரி வண்டல் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மணற்பாங்கான செம்மண்ணுக்கு இதைப்போல மருந்து இல்லை, களியைக் கொடுப்பது இதுதான். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. பரப்ப 40 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பர் மூன்று கன மீட்டர் என்றால் 13 லோடு. மூன்று செ.மீ.க்கு 40 லோடு. கோடையிலேயே கொட்டி, கட்டிகள் வெயிலில் உடைந்த பின் உழுங்கள். ஈரத்தோடு உழுதால் கட்டி கட்டியாக நிற்கும்.

எடுக்கும் முன் பாட்டில் சோதனை: மூன்றில் ஒரு பங்கு வண்டல், மிச்சம் தண்ணீர், குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல் தடித்து நின்றால் லோடு கூலி தண்டம். ஏரியின் வாய்க்கால் முகப்பில் மணல்தான் கிடக்கும், கரைப்பக்கம் எடுங்கள்.

பெங்களூருக் கழிவுநீர் இறங்கும் ஏரி வண்டலை, கறுப்பாகக் கொழுப்பாக இருக்கிறது என்று ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் பார்க்காமல் நிலத்தில் போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. கே.சி. வேலி (கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு வருவது இரண்டாம் நிலை வரை சுத்திகரித்த நீர். நிலத்தடி நீரை உயர்த்துவதற்காக வந்தது. அந்த ஏரிகளின் வண்டலையும் சோதிக்காமல் தொடாதீர்கள்.

அபார்ட்மெண்ட் கம்போஸ்ட்? எடுங்கள், ஆனால் 4 மி.மீ. சல்லடையில் சலித்து. கண்ணாடி, பிளேடு, பால் கவர் மூலை எல்லாம் வரும். கைப்பிடி எடுத்து நனைத்துப் பாலிதீன் பையில் மூன்று நாள் கட்டி வைத்து, பிரித்ததும் நாறினால் இன்னும் வேகவில்லை. உப்பைப் பார்க்க மின்கடத்துதிறன் மீட்டருக்கு நான்கு டெசிசீமன்ஸைத் தாண்டக்கூடாது. சாம்பார் மிச்சம் கொட்டும் குடியிருப்பு என்றால் தாண்டும்.

செம்மண்சால், 7 செப்டம்பர்

இப்போது குட்டை. அல்சூர்வாசியின் புதுக் கேள்வி நியாயமானது: "வரப்பு எல்லாத் தண்ணீரையும் நிறுத்திவிட்டால் குட்டைக்கு என்ன வரும்?"

700 மி.மீ. சொச்சம் மழையில் ஒரு ஏக்கரில் விழுவது 28 லட்சம் லிட்டர். பத்து சதவீதம் ஓடினால் 2.8 லட்சம், வரப்பு போட்டு அது பாதியானாலும் 1.4 லட்சம். உங்கள் இரண்டு ஏக்கரும் ஒரே குட்டைக்கு வடிந்தால் நிரம்பும். எனவே இரண்டு ஏக்கருக்கு ஒன்று, ஏக்கருக்கு ஒன்று அல்ல.

தாள்: 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக். 10 × 10 × 3-க்கு 14.5 × 14.5 மீட்டர் வேண்டும், கரையில் ஒன்றரை அடி ஆழப் பள்ளத்தில் புதைக்கும் ஓரத்தோடு சேர்த்து. வாங்கும்போது எடை போடுங்கள். ஒரு சதுர மீட்டர் 470 கிராம் சொச்சம், முழுத்தாள் நூறு கிலோவை ஒட்டி வர வேண்டும். அறுபது கிலோ என்றால் உங்களுக்கு வந்தது 300 மைக்ரான். விரிக்கும் முன் வேர்முனை, கூர்ங்கல் பொறுக்கி, சலித்த மண் இரண்டு இன்ச். விறைப்பாக இழுக்காமல் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் எடையில் தையல் விடும். உள்ளே வரும் வாயில் ஒரு மீட்டர்க் குழி, வண்டல் அங்கேயே தங்கும்.

வேலி இல்லாமல் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிறுத்தாதீர்கள். நனைந்த தாளில் பெரியவரே ஏறி வர முடியாது, பிள்ளைகள் எங்கே. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, பழைய டயர்களைக் கோத்த ஒரு படி. தூசி வந்த அந்த 1,200 அடிப் போரையும் இப்போதே மூடுங்கள். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010 வழிகாட்டுதல். அதில் மழைநீரைச் செலுத்துகிறேன் என்று கலங்கலை ஊற்றுவது வேண்டாம்.

செம்மண்சால், 28 செப்டம்பர்

சர்ஜாபூர் நண்பரின் போர்த் தண்ணீர் "வழவழ" என்று இருக்கிறதாம், பாய்ச்சிய இடத்தில் மண் சேறாகி, காய்ந்தால் சிமெண்ட். சோடியம் பைகார்பனேட் நீர் போல இருக்கிறது. சோதனைச் சீட்டில் கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் கூட்டி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழியுங்கள், எல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலெண்ட் (சீட்டில் meq/L) கணக்கில். 1.25-க்குக் கீழே கவலையில்லை, 2.5-க்கு மேல் ஆகாது.

ஒவ்வொரு ஒன்றைக் குறைக்கவும் லட்சம் லிட்டருக்கு 8.6 கிலோ சுத்த ஜிப்சம். கடையில் கிடைக்கும் 70 சதவீத ஜிப்சம் என்றால் 12.3 கிலோ. ஐந்திலிருந்து இரண்டரைக்கு இறக்க லட்சம் லிட்டருக்கு 31 கிலோ. சொட்டுநீர்க் குழாயில் நேராகப் போட்டால் அடைக்கும். நிலத்தில் தூவி மேலாகக் கிளறுங்கள், அல்லது தண்ணீர் வரும் வாய்க்காலில் ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி கட்டி அதன் வழியே விடுங்கள். தூளைவிடக் கட்டி மெல்லக் கரையும், தொட்டியை வாரம் ஒருமுறை கிளற வேண்டும்.